ஒரு நொடிக்கு எட்டுப் படம்

நீங்க கடைசியாகப் பார்த்த அனிமேயில், ரெண்டு பேர் நின்று பேசுகிற ஒரு காட்சியை ஞாபகப்படுத்திப் பாருங்க. உடம்பு அசையாது. முடி அசையாது. வாய் மட்டும் திறந்து மூடும். பின்னால் மேகம் மெதுவாக நகரும். சண்டைக் காட்சி என்றால், குத்து விழுவதற்கு முன்னால் படம் அப்படியே உறைந்து நிற்கும். பின்னணியில் கோடு கோடாகப் பறக்கும். நாம அதைத்தான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டிபி வைக்கிறோம், செம ஸ்டைல் என்கிறோம்.

அது ஸ்டைலாகப் பிறக்கவில்லை. காசு இல்லாமல், ஆள் இல்லாமல், நாள் இல்லாமல், ஆனால் வாரா வாரம் ஒரு எபிசோடு கொடுத்தே ஆகணும் என்ற நெருக்கடியில் பிறந்தது. 1963-ல் டோக்கியோவில் ஒரு வீட்டையொட்டிக் கட்டிய ஸ்டூடியோவில். அந்த வீட்டுக்காரர் டாக்டருக்குப் படித்துவிட்டு, ஒரு நாள்கூட கிளினிக் போர்டு மாட்டாதவர்.

பெயர் ஒசாமு தெசுகா. ஜப்பானில் இவரை மாங்காவின் கடவுள் என்பார்கள். (மாங்கா என்றால் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடுறது இல்லை, ஜப்பானிய சித்திரக்கதை. அனிமே பக்கம் வராத ஒரு சிலரும் இதைப் படிப்பாங்க என்பதால் சொல்லிவிடுகிறேன்.) கடவுள் என்று சொல்லிவிட்டால் அப்புறம் கணக்குக் கேட்க முடியாது. இவரிடம் கேட்க ஒரு கணக்கு இருக்கிறது. அதனால் மனுஷனாகவே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பிறந்தது 1928 நவம்பர் 3, ஒசாகாவுக்குப் பக்கத்தில் தொயோனகா என்ற ஊரில். ஐந்து வயதில் குடும்பம் தகராசுகா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. இந்த ஊரை லேசாக விட்டுவிட முடியாது. அங்கே ஒரு இசை நாடகக் குழு இன்றைக்கும் நடக்கிறது. நடிப்பவர்கள் முழுக்கப் பெண்கள். ராஜகுமாரன் வேடமும் பெண்தான் போடுவார். அம்மா கைப்பிடித்து அந்த நாடகங்களுக்குக் கூட்டிப் போவார். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரியணும் என்று கண்ணைப் பெரிசாக்கி மை தீட்டிய முகங்கள். அப்பாவிடம் வீட்டிலேயே படம் ஓட்டுகிற ஒரு சின்ன புரொஜெக்டர் இருந்தது. அதில் சாப்ளின், மிக்கி மவுஸ். அனிமே பாத்திரங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய கண் என்று யாராவது கேட்டால், பதிலில் பாதி இந்த மேடையிலும் மீதி அந்த புரொஜெக்டரிலும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஒல்லிப் பையன், சுருட்டை முடி, கண்ணாடி. எல்லா ஊரிலும் இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. படம் வரைந்து காட்டித்தான் சேக்காளிகளைப் பிடித்தார். இன்னொரு பைத்தியம் பூச்சி. ஜப்பானில் ஒசாமுஷி என்று ஒரு வண்டு உண்டு. தன் பெயர் ஒசாமு. அதோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்கிறதே என்று, பெயரை எழுதும்போது பின்னால் பூச்சி என்ற எழுத்தையும் சேர்த்துக்கொண்டார். எழுத்தில் பூச்சி இருக்கும், வாயால் சொல்லும்போது இருக்காது. பின்னாளில் ஸ்டூடியோ தொடங்கியபோது வைத்த பெயரும் முஷி புரொடக்‌ஷன். முஷி என்றால் பூச்சிதான்.

அப்புறம் போர். பதின்வயதில் வகுப்பை விட்டு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டார். 1945 ஜூனில் ஒசாகா மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்டபோது, இவர் அந்தத் தொழிற்சாலையின் கண்காணிப்புக் கோபுரத்தில் நின்றிருந்தார். குண்டு பக்கத்திலேயே விழுந்தது. உயிர் தப்பி இறங்கி, எரிகிற ஊர் வழியாக நடந்தார். ஆற்றங்கரையில் கிடந்த உடல்களை அவர் கடைசி வரை மறக்கவில்லை. பிற்காலத்தில் அதைச் சித்திரக்கதையாகவே வரைந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஏப்ரலில், ஒசாகாவில் ஒரு தியேட்டரில் தன்னந்தனியாக ஒரு படம் பார்த்திருந்தார். 'மொமொதாரோ' என்ற நாட்டுப்புறக் கதை வீரனை வைத்து ஜப்பானியக் கடற்படைக்காக எடுத்த பிரசாரப் படம். ஜப்பானின் முதல் முழுநீள அனிமேஷன். படத்தின் அரசியல் எதுவாக இருந்தாலும், அதில் விலங்குக் குட்டிகள் விளையாடும் இடத்தில் இவர் அழுதுவிட்டார். என்றைக்காவது ஒரு நாள் நானும் அனிமேஷன் எடுப்பேன் என்று அங்கேயே முடிவு செய்தார். பசி, போர், குண்டு, இத்தனைக்கும் நடுவில் ஒரு பதினாறு வயசுப் பையன் எடுத்த முடிவு இது.

போர் முடிந்த சமயம் ஒசாகா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். இனிமேல் வருவது நம்ம ஆட்களுக்கு நல்லாவே புரியும். லெக்சர் நடக்கும்போது நோட்டுக்குள்ளே படம். லேபில் இருக்கிறபோது கதை. 1946 ஜனவரியில், அதாவது பதினேழு வயதில், சிறுவர் செய்தித்தாளில் நான்கு கட்டத் தொடர் ஒன்று தொடங்கிவிட்டது. 1947-ல் 'புதிய புதையல் தீவு' என்ற புத்தகம். இன்னொருவரின் கதை அமைப்புக்கு இவர் படம். மலிவுத் தாளில் அச்சடித்து மிட்டாய்க் கடையிலும் பொம்மைக் கடையிலும் விற்ற ரகம் அது. லட்சக்கணக்கில் போனதாகச் சொல்வார்கள். அந்தப் புத்தகத்தைத் திறந்த பையன்களுக்கு அதிர்ச்சி. முதல் பக்கத்தில் ஒரு கார் ஓடுகிறது. தூரத்தில் ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு கட்டம், முகத்துக்கு நேராக ஒரு கட்டம். அதுவரை மேடை நாடகம் மாதிரி ஒரே கோணத்தில் இருந்த சித்திரக்கதைக்குள் கேமரா புகுந்துவிட்டது.

பேராசிரியர் ஒருவர் இவரைக் கூப்பிட்டு, உன்னால் நல்ல டாக்டர் ஆக முடியாது, பேசாமல் படம் வரையப் போ என்ற மாதிரி அறிவுரை சொன்னதாக ஒரு கதை உண்டு. அம்மாவிடம் போய் என்ன செய்யட்டும் என்று கேட்டார். உனக்கு எது உண்மையிலேயே பிடிக்கிறதோ அதைச் செய் என்று அம்மா சொல்லிவிட்டார். இங்கே நிறுத்தினால் இது வழக்கமான ஊக்கப் பேச்சு வீடியோ ஆகிவிடும். மனுஷன் படிப்பையும் விடவில்லை என்பதுதான் விஷயம். 1951-ல் தேறினார். 1952-ல் தேசிய மருத்துவத் தேர்விலும் பாஸ். அதே 1952-ல்தான் 'தெத்சுவான் அடோம்' தொடர் ஒரு சிறுவர் மாத இதழில் ஆரம்பித்தது. நமக்குத் தெரிந்த பெயர் 'ஆஸ்ட்ரோ பாய்'.

கதை தெரியாதவங்களுக்கு: ஒரு விஞ்ஞானியின் மகன் விபத்தில் இறந்துபோகிறான். துக்கம் தாங்காத அப்பா, மகன் மாதிரியே ஒரு ரோபோ செய்கிறார். கொஞ்ச நாளில் ஒன்று உறைக்கிறது: இவன் வளரமாட்டான். கோபம் வருகிறது. மகனாகச் செய்த ரோபோவை ஒரு சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். ஜெட் கால், லட்சம் குதிரைத்திறன் எல்லாம் இருக்கும் அந்தக் குட்டி ரோபோவின் ஆரம்பமே, அப்பா விற்ற பிள்ளை என்பதுதான். இதைக் குழந்தைகள் பத்திரிகையில் எழுதியிருக்கிறார் மனுஷன்.

டோக்கியோவுக்கு வந்த பிறகு கொஞ்ச காலம் தொகிவா-சோ என்ற பழைய மர வீட்டில், வாடகை அறையில் இருந்தார். இவர் கதைகளைப் படித்து வளர்ந்த பையன்கள் ஒவ்வொருவராக அங்கேயே வந்து குடியேறினார்கள். அவர்களில் இரண்டு பேர் ஊரிலிருந்து வந்த நண்பர்கள். 1954-ல் தெசுகா அறையைக் காலி செய்தபோது, கட்டியிருந்த அட்வான்ஸைத் திருப்பி வாங்காமல் அப்படியே அந்த ரெண்டு பேருக்கு விட்டுவிட்டுப் போனார். ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற ஒரே புனைபெயரில் எழுதிய ஜோடி அது. அதில் ஒருவர் பிற்பாடு உருவாக்கியதுதான் டோரேமான். சின்ன வயசில் டிவி முன்னால் நாம உட்கார்ந்த மத்தியானங்களுக்கும் அந்த அட்வான்ஸுக்கும் ஒரு நூல் ஓடுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம்.

1961. அந்த ஒரே வருஷத்தில் தெசுகா ரெண்டு வேலை செய்தார். நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு, குளத்து நத்தையின் விந்தணுக்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. இன்னொன்று, தன் வீட்டுப் பக்கத்திலேயே அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு அடிப்போட்டார். மாங்காவில் வந்த காசெல்லாம் அதற்குள் போனது. முதல் படம் 'ஒரு தெருமுனையின் கதை', 1962. அழகான படம், பரிசு வாங்கியது, காசு கொண்டுவரவில்லை. சம்பளம் கொடுக்கணும் இல்லையா? டிவிக்கு வாராந்திரத் தொடர் செய்யலாம் என்று இறங்கினார்.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. படச்சுருளில் நொடிக்கு 24 ஃபிரேம். பாட்டும் விளம்பரமும் போக ஒரு எபிசோடு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 28,800 ஃபிரேம். டிஸ்னி தரத்தில் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் வரைந்தாலே 14,400 படம். சினிமாவுக்குச் செய்கிற பெரிய ஸ்டூடியோக்கள் இதற்கு நூற்றுக்கணக்கான ஆட்களையும் ஒரு வருஷத்துக்கு மேல் நேரத்தையும் எடுத்துக்கொண்டன. தெசுகாவிடம் ஒரு வாரம் இருந்தது.

மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம், அதாவது நொடிக்கு எட்டு, என்று இறக்கினார். அப்பவும் 9,600. ஸ்டூடியோவால் முடிந்தது சுமார் 2,000. மீதியை எங்கே வெட்டுவது? இங்கேதான் அந்தக் கூட்டம் ஒரு இன்ஜினியரிங் டீம் மாதிரி வேலை செய்தது. பேசும்போது வாயை மட்டும் தனித்தாளில் வரைந்து மாற்றினார்கள். நடக்கிற காட்சிக்குச் சில படங்களை வரைந்து சுற்றிச் சுற்றி ஓட்டி, பின்னணியை நகர்த்தினார்கள். கார் ஓடணுமா, ஒரே படத்தை கேமராவுக்குக் கீழே இழுத்தார்கள். அதிர்ச்சியான இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு இசையையும் சத்தத்தையும் ஏற்றினார்கள். ஆஸ்ட்ரோ பாய் பறக்கிற காட்சியை ஒரு தடவை வரைந்து, பத்திரமாக எடுத்து வைத்து, வானத்தை மட்டும் மாற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் பேங்க். நாம ஃபங்ஷனை எழுதி லைப்ரரியில் போட்டு வைக்கிறோமே, அதேதான். அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களிலும் இந்தச் சிக்கனம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அங்கே அது சிரிப்புக் கதைக்கு. அழ வைக்கிற கதையை இப்படி எடுக்க முடியும் என்று காட்டியது இவர்கள்தான். படம் அசையாத இடத்தைக் கதை நிரப்பியது.

1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி டிவியில் முதல் எபிசோடு வந்தது. கருப்பு வெள்ளை. ஜப்பானின் முதல் அரைமணி நேர வாராந்திர அனிமேத் தொடர். பார்வையாளர் விகிதம் உச்சத்தில் 40 சதவீதத்தைத் தொட்டது. 193 எபிசோடு, 1966 டிசம்பர் 31 வரை ஓடியது. முதல் வருஷத்திலேயே அமெரிக்காவின் என்பிசி வாங்கி 'ஆஸ்ட்ரோ பாய்' என்று பெயர் மாற்றி அங்கே விநியோகித்தது.

விலைதான் பிரச்சினை. ஒரு எபிசோடுக்கு 5.5 லட்சம் யென் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். எடுக்க ஆன செலவு அதைவிடப் பல மடங்கு. நஷ்டத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டார், தெரிந்தே போட்டார். ஏன்? அதிக விலை சொன்னால் டிவிக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்ற பயம் ஒன்று. இவ்வளவு குறைத்துவிட்டால் போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற எண்ணம் இன்னொன்று. பற்றாக்குறையைத் தன் மாங்கா வருமானத்தாலும் பொம்மை, ஸ்டிக்கர் உரிமையாலும் ஈடுகட்டலாம் என்று நினைத்தார். அந்தப் பாதி சரியாகவே நடந்தது. தொடரின் விளம்பரதாரரான மெய்ஜி நிறுவனம், மார்பிள் சாக்லேட்டோடு ஆஸ்ட்ரோ பாய் ஸ்டிக்கர் கொடுத்தது. பிள்ளைகள் ஸ்டிக்கருக்காகவே சாக்லேட் வாங்கினார்கள். இன்றைக்கு நீங்க வாங்குகிற ஃபிகர், கீசெயின், டீ-ஷர்ட் வியாபாரம் அத்தனையும் அங்கே தொடங்குகிறது. அனிமே தன்னைக் காட்டிச் சம்பாதிக்காது, தன்னைச் சுற்றியிருப்பதை விற்றுச் சம்பாதிக்கும்.

ஆனால் போட்டி வராது என்ற கணக்கு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1963 முடிவதற்குள்ளேயே 'தெத்சுஜின் 28', '8 மேன்', டோயியின் 'ஓநாய்ச் சிறுவன் கென்' என்று வரிசை கட்டி வந்துவிட்டன. வந்தவர்களிடமெல்லாம் டிவிக்காரர்கள் பேரம் பேசியது எந்த விலையிலிருந்து என்று நான் சொல்லத் தேவையில்லை. தெசுகாவுக்காவது கை கொடுக்க மாங்கா இருந்தது. மற்றவர்களுக்கு?

இதில் அவர் தனிப்பட்ட முறையில் எப்படிப்பட்ட முதலாளி என்பதையும் சொல்லணும். வேலைக்காரர்களோடு சேர்ந்து தரையில் தூங்கியவர், அவர்களைவிடக் குறைவாகத் தூங்கியவர். அதே சமயம் எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து எல்லோரையும் காக்க வைத்தவர். ஒரே நேரத்தில் பல பத்திரிகைகளுக்குத் தொடர். ஒவ்வொரு பத்திரிகையின் எடிட்டரும் அவர் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். யாருக்கு முதலில் பக்கம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. ஒசாமுஷி என்ற பெயரைத் திருகி ஒசோமுஷி, அதாவது லேட் பூச்சி என்றும், உசோமுஷி, அதாவது பொய்ப் பூச்சி என்றும் எடிட்டர்கள் கூப்பிட்டார்கள். சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி ரெக்கார்டு எழுதுகிற நமக்கு இவர் குலதெய்வம் மாதிரி.

1965-ல் 'ஜங்கிள் டைட்டெய்', வெள்ளைச் சிங்கக்குட்டியின் கதை, ஜப்பானின் முதல் கலர் டிவி அனிமேத் தொடராக வந்தது. (1994-ல் 'தி லயன் கிங்' வந்தபோது ஒற்றுமையைப் பார்த்து ஜப்பானிய மாங்கா கலைஞர்கள் பலர் கையெழுத்திட்டு டிஸ்னிக்கு மனு அனுப்பினார்கள். தெசுகாவின் நிறுவனம் வழக்குப் போடவில்லை. தெசுகாவே டிஸ்னியின் 'பாம்பி'யைத் திரும்பத் திரும்பத் தியேட்டரில் பார்த்துக் கற்றவர் என்பதால், யார் யாருக்குக் கடன் என்ற பேச்சை நீட்டினால் இரண்டு பக்கமும் போகும்.)

அறுபதுகளின் முடிவில் காற்று மாறியது. பெரியவர்களுக்கான, இருட்டும் ரத்தமுமான கெகிகா கதைகள் பிடித்துப்போன இளைஞர்களுக்குத் தெசுகா பழைய ஆளாகிவிட்டார். அதை அவரால் தாங்க முடியவில்லை. பொறாமை அவருக்குப் பெரிய அளவில் உண்டு. தொகிவா-சோ தம்பிகளில் ஒருவரான இஷினோமோரி புதுமையாக ஒரு தொடர் செய்தபோது, அதைத் திட்டி எழுதிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். மாங்காவின் கடவுள், தன்னைவிடச் சின்னப் பையன் வீட்டு வாசலில். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

1971-ல் முஷி புரொடக்‌ஷனின் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1973 நவம்பரில் ஸ்டூடியோ திவாலானது. பெருங்கடன் அவர் தலையில். அதே மாதம், ஆமாம் அதே நவம்பர், ஒரு வாரப் பத்திரிகையில் அவருடைய புதுத் தொடர் தொடங்கியது. கொஞ்ச வாரங்கள் ஓடட்டும், ஒரு பெரிய கலைஞனுக்கு மரியாதையாக வழியனுப்பி வைப்போம் என்ற மனநிலையில்தான் பத்திரிகை இடம் கொடுத்தது என்பார்கள். தொடரின் பெயர் 'ப்ளாக் ஜாக்'. லைசென்ஸ் இல்லாத, முகத்தில் தையல் தழும்பு ஓடும் ஒரு அறுவை சிகிச்சை நிபுணன். இருபது வருஷம் பயன்படாமல் கிடந்த மருத்துவப் படிப்பு அப்போதுதான் வேலைக்கு வந்தது. அது பத்து வருஷம் ஓடியது.

அந்த டாக்டர் முதலில் செய்கிற காரியம் என்ன தெரியுமா? கோடிக்கணக்கில் ஃபீஸ் கேட்பது. உயிருக்கு நீ என்ன விலை வைத்திருக்கிறாய் என்று நோயாளியை உலுக்குவது. தன் வேலையை அடிமாட்டு விலைக்கு விற்றுத் திவாலான மனுஷன், அந்தச் சமயத்தில் உட்கார்ந்து வரைந்த பாத்திரம் இது. தற்செயலா என்று கேட்டால், நான் நம்பமாட்டேன்.

ஸ்டூடியோ மூழ்கும்போது வெளியேறியவர்கள் என்ன ஆனார்கள்? 1972-ல் ஒரு குழு மேட்ஹவுஸ் தொடங்கியது. 'டெத் நோட்', 'ஒன் பஞ்ச் மேன்' முதல் சீசன், 2011-ன் 'ஹன்டர் x ஹன்டர்' எல்லாம் அவர்கள்தான். அதே வருஷம் இன்னொரு குழு சன்ரைஸ் தொடங்கியது: 'கன்டம்', 'கௌபாய் பீபாப்', 'கோட் கியாஸ்'. கன்டத்தை உருவாக்கிய தொமினோ, ஆஸ்ட்ரோ பாய் எபிசோடுகளில் வேலை பழகியவர். மேட்ஹவுஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மருயாமா 2011-ல் மறுபடி ஒரு ஸ்டூடியோ ஆரம்பித்தார்: மாப்பா. 'ஜுஜுத்சு கைசென்' எடுத்த அதே மாப்பா. திவாலான ஒரு கம்பெனியின் வம்சாவளி இது.

ஆனால் அந்த வம்சாவளியோடு விலைப்பட்டியலும் சேர்ந்தே வந்தது. இடைப்படங்கள் வரைகிற இளம் கலைஞர்களுக்கு ஜப்பானில் மாதச் சம்பளம் இல்லாமல் ஒரு படத்துக்கு இத்தனை என்று சில நூறு யென் கொடுப்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. டோக்கியோ மாதிரி ஊரில் அதை வைத்து வாடகை கட்டுவதே கஷ்டம். 1989-ல் தெசுகா இறந்தபோது எல்லோரும் புகழ்ந்து எழுதிக்கொண்டிருக்க, ஹயாவோ மியாசாகி மட்டும் இந்த விஷயத்தை வெளிப்படையாகப் போட்டு உடைத்தார்: அந்தக் குறைந்த விலை ஒரு முன்னுதாரணமாகி, தொழிலின் பட்ஜெட்டையே கீழே தள்ளிவிட்டது என்று. மியாசாகி வெளியாள் இல்லை. இளமையில் தன் படங்கள் தெசுகாவின் சாயலில் இருப்பதை உணர்ந்து, அவற்றை எரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வரையப் பழகியவர்.

யார் சொல்வது சரி? அவ்வளவு குறைத்திருக்காவிட்டால் 1963-ல் எந்தச் சேனலும் வாங்கியிருக்காது என்று தெசுகாவின் பக்கம் பேசுபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனால் முதல் வருஷ விலைக்கு அவரைக் குற்றம் சொல்லலாம், அறுபதாவது வருஷ விலைக்கு எப்படிச் சொல்வது? நடுவில் எத்தனையோ கம்பெனிகள் லாபம் பார்த்திருக்கின்றன. அவர்களில் யாரும் அந்தப் பட்டியலைத் திருத்தியிருக்கலாம். என் கருத்து இது. நீங்க மாறுபட்டால் எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் போடுவோம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு எபிசோடில் முகம் கொஞ்சம் கோணலாக வந்துவிட்டதென்று வரைந்தவரை மீம் போட்டுத் திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

தெசுகாவை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்பீங்க. பழைய ஆஸ்ட்ரோ பாய் உங்களுக்குக் குழந்தைத்தனமாகத் தெரியலாம். அதில் வரும் ஒரு கதையை எடுத்து நவோகி உராசாவா திருப்பி எழுதிய 'ப்ளூட்டோ' இருக்கிறது. 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் அனிமேயாகவும் வந்தது. 'டொரோரோ' 2019 அனிமே இன்னொரு நல்ல வாசல். புத்தகம் என்றால் 'புத்தா'. கபிலவஸ்துவும் கங்கைக் கரையும் ஒரு ஜப்பானியர் கையில் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். பாதிப் பாத்திரங்கள் அவராகவே சேர்த்தவை, வரலாற்றுப் பாடமாகப் படித்துவிடாதீங்க. மொத்தம் அவர் வரைந்தது சுமார் 1,50,000 பக்கம். செமஸ்டர் லீவில் முடிக்க முடியாது.

எனக்கு அவர் படங்களிலேயே முக்கியமானது பலர் பார்க்காத ஒன்று. 1987-ல் வந்த 'காட்டின் கதை'. சைக்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனிக்கு ஏற்ப, வசனமே இல்லாமல் எடுத்த படம். காட்டை அழிக்க வருகிறவர்களுக்கும் காட்டில் வாழும் உயிர்களுக்கும் சண்டை. முதல் பகுதியில் அசையாப் படத்திலிருந்து தொடங்கி அனிமேஷனின் வரலாறே ஒவ்வொரு பாணியாக வந்துபோகிறது. கடைசிப் பகுதியில் காட்டுத் தேவதைகளும் விலங்குகளும் டிஸ்னி மாதிரி வழுக்கிக்கொண்டு அசைகின்றன, நொடிக்கு நொடி அத்தனை படம். மரம் வெட்ட வரும் வில்லன்கள் மட்டும் வெட்டி வெட்டி அசைகிறார்கள். உடம்பு நிற்கிறது, வாய் அசைகிறது. அது டிவி அனிமே பாணி. அவரே 1963-ல் ஜப்பானுக்குக் கொண்டுவந்த பாணி. வில்லனுக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறார்.

நான்கு பகுதிகளில் ஒன்றும் நான்கும்தான் அவர் காலத்தில் முடிந்தன. இரண்டாவதை அவர் மகன் 2014-ல் முடித்தார்.

1988-ல் வயிற்றில் புற்றுநோய். அந்தக் கால ஜப்பானிய வழக்கப்படி அவரிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. டாக்டருக்குப் படித்தவரிடம் எவ்வளவு நாள் மறைக்க முடியும் என்று தெரியவில்லை. அப்போது வரைந்துகொண்டிருந்த 'நியோ ஃபௌஸ்ட்' கதையில், டாக்டர்கள் மறைத்தும் தனக்கு வயிற்றுப் புற்று என்று கண்டுபிடித்துவிடும் ஒருவர் வருகிறார். படுக்கையிலும் பென்சிலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தயவு செய்து வேலை செய்ய விடுங்கள் என்பதுதான் கடைசியாகக் கேட்டது என்பார்கள். 1989 பிப்ரவரி 9 அன்று இறந்தார். 62 வயது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இளமையிலிருந்தே வயதை ரெண்டு வருஷம் கூட்டிச் சொல்லி வந்திருக்கிறார் என்பது அப்புறம்தான் வெளியே தெரிந்தது. நிஜ வயது 60.

'நியோ ஃபௌஸ்ட்' புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மை கிடையாது. கட்டங்களும் பாதி முகங்களும் பென்சில் கோட்டிலேயே நிற்கின்றன.